கியூஆரா, சூப்பர் தேங்க்ஸா: கேட்டு வாங்கும் காசில் எது தேவலை?

தமிழக–கேரள எல்லையில், புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் நான் வழக்கமாகக் காலையில் டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. போன ஆவணியில் அந்த அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, வீடியோ முடியுற இடத்துல ஒரு கட்டம் போட்டிருக்கியே, அது ஜிபேயா?" ஆமாம் என்றேன். "அப்போ நீ காசு கேக்கியா?" அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் டீ தொண்டையில் கொஞ்சம் நின்றுதான் இறங்கியது.

நானும் மச்சானும் நடத்துவது சின்ன யூடியூப் சேனல். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் நடப்பவைதான் எங்கள் சரக்கு. ஐந்தருவியில் இன்றைக்குக் குளிக்க விடுகிறார்களா, எஸ் வளைவில் லாரி நின்று வண்டிகள் தேங்கியிருக்கின்றனவா, கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலத்தை ரயில் கடக்கும்போது மழை எப்படி அடிக்கிறது, இப்படி. 1904இல் போட்ட பாதை அது. 2010இல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாலத்தைப் போட்டால் நாலு பேர் கூடுதலாகப் பார்ப்பார்கள். பார்க்கிறவர்களில் பலர் மலைக்கு அந்தப் பக்கம். அம்பநாடு எஸ்டேட் தமிழர்கள், ஆரியங்காவு, தென்மலைக் கடைக்காரர்கள், தமிழ் புரிந்த மலையாளிகள். அப்புறம் வளைகுடாவில் இருக்கும் நம்மூர்ப் பையன்கள்.

பார்க்கிறவரிடம் காசு கேட்கலாமா என்று கேட்கும்போது, கேட்காவிட்டால் காசு எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பெட்ரோலும் டேட்டாவும் சும்மா கிடைப்பதில்லை.

முதல் வழி விளம்பரம். 1000 சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்தில் பார்த்த நேரம் 4000 மணி என்ற வாசலைத் தாண்டினால், நீள வீடியோவுக்கு வரும் விளம்பரக் காசில் 55 விழுக்காடு நமக்கு. ஷார்ட்ஸ் என்றால் 45. 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். எங்களுக்கு முதல் நூறு சேருவதற்குள் ஒரு சீசன் முடிந்து அடுத்த சாரலே தொடங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. வீடியோ எட்டு நிமிடம் இருந்தால்தான் நடுவில் விளம்பரம் செருக முடியும். ஐந்தருவியில் தண்ணீர் வருகிறது, குளிக்கலாம் என்று சொல்ல எட்டு நிமிடம் எதற்கு? இழுத்தோம். தென்காசி பேருந்து நிலையத்திலிருந்து அருவி வரைக்கும் ஆட்டோவிலிருந்தே எடுத்து ஓட்டினோம். பார்த்தவர்கள் திட்டினார்கள், நியாயமாகத்தான்.

இரண்டாவது, ஸ்பான்சர். இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு விடுதிக்காரர் இரண்டு நாள் அறையும் கையில் கொஞ்சம் காசும் தருவதாகச் சொன்னார். "அருவி வத்திப்போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அதைச் சொல்வதுதானே எங்கள் பிழைப்பு! காசு வாங்கிப் பேசினால் அதை வீடியோவிலேயே சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021லும் மத்திய அரசு 2023லும் விதி போட்டிருக்கின்றன. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ரம்மி ஆப்காரர்கள் கொஞ்ச காலம் சின்னச் சேனல்களையும் தேடி வந்தார்கள். 2025இல் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் சேர்த்துத் தடை செய்து மத்தியச் சட்டம் வந்தபின் அந்தக் கதை முடிந்தது.

ஆகவே பார்க்கிறவரிடம் கேட்பது. இது நமக்குப் புதிதும் இல்லை. எங்கள் பக்கம் அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, பாட்டுக்கு நடுவே ஒருவர் மேடைக்குப் போய் நோட்டை நீட்டுவார். புலவர் வில்லை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் நூற்றியொன்று அன்பளிப்பு என்று மைக்கில் வாசித்துவிட்டுத்தான் தொடருவார். 2017இல் யூடியூப் கொண்டுவந்த சூப்பர் சாட் இதேதான். நேரலையில் காசு போட்டால் உங்கள் வரி வண்ணத்தில் மேலே நிற்கும். (நன்கொடை என்ற சொல் எனக்கு இங்கே ஒட்டவில்லை. கொடை என்றாலே எங்களுக்கு ஆடு வெட்டும் நாள்தான் ஞாபகம் வரும்.)

அந்த மேடையில் நடக்கும் கோளாறும் இதில் அப்படியே உண்டு. ஐந்நூற்றியொன்று கொடுத்தவர் கேட்ட கட்டம்தான் முதலில் வரும். ஒரு ஐப்பசி ராத்திரி ஆரியங்காவுச் சாலையில் மரம் விழுந்து கிடந்தபோது நேரலை போட்டோம். ஷார்ஜாவிலிருந்து ஒருவர் 200 ரூபாய் போட்டு, தன் வீட்டுத் தெருவைக் காட்டச் சொன்னார். காட்டினோம். அந்த நேரத்தில் புனலூர் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக வேண்டும், வழி திறந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டது எழுத்தோடு எழுத்தாக மேலே ஓடிவிட்டது. மறுநாள் காலையில் கமெண்டுகளைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. அவர் எப்படிப் போனார் என்று இன்றுவரை தெரியாது. அன்றோடு சூப்பர் சாட்டை அணைத்துவிட்டோம். பாட்டு, சமையல், அரட்டை என்றால் அது ஜோரான வசதி. வழி கேட்டு வரும் இடத்தில் அது ஆகாது.

2021இல் வந்த சூப்பர் தேங்க்ஸ் கொஞ்சம் அடக்கமானது. முடிந்துபோன வீடியோவுக்குக் கீழே, பிடித்திருந்தால் போடுவது. யாரையும் முந்திக்கொண்டு போகாது. 2023 முதல் 500 சந்தாதாரர் இருந்தாலே, வீடியோ எண்ணிக்கை, பார்த்த நேரம் போன்ற மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், இவற்றை வாங்கலாம். ஆனால் நூறு ரூபாய் போட்டால் 70தான் நமக்கு, 30 யூடியூபுக்கு. அதுவும் விளம்பரக் காசோடு சேர்ந்து, அதே 100 டாலர் உண்டியலில் கிடந்துதான் வரும்.

கியூஆரில் நூறு போட்டால் நூறும் வரும், போட்ட நொடியில் வரும். கணக்கைப் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முதல் வாரம் தென்மலைப் பக்கம் ரப்பர் வெட்டும் ஒருவர் 20 ரூபாய் அனுப்பி, குறிப்பில் 'மழ வீடியோ கொள்ளாம்' என்று மலையாளத்தில் பாராட்டி எழுதியிருந்தார். அந்த இருபது ரூபாய் தந்த சந்தோஷத்தை எந்த டாலரும் தந்ததில்லை.

அப்புறம்தான் மற்றவை தெரிந்தன.

முதலாவது, போன் நம்பர். பல யுபிஐ முகவரிகளில் நம்பரே முகவரியாக இருக்கும். வங்கியில் உள்ள முழுப் பெயரும் காட்டும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் சமையல் சேனல் நடத்தும் ஓர் அக்கா கியூஆர் போட்ட மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அழைப்பு. "சேச்சி, பணம் அனுப்பிருக்கேன், கொஞ்சம் பேசக்கூடாதா?" அனுப்பியது பத்து ரூபாய். அக்கா நம்பரையே மாற்ற வேண்டி வந்தது. பெண்கள் யாராவது என்னிடம் கேட்டால், நம்பர் இல்லாத முகவரி ஒன்றை உருவாக்காமல் கியூஆர் பக்கமே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஓர் இடத்தில் சூப்பர் தேங்க்ஸ் கேட்கும் அந்த 30 ரூபாய் அதிகமே இல்லை.

இரண்டாவது எங்களுக்கே நடந்தது. ஒருநாள் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து 2000 ரூபாய் வந்தது. மச்சான் லைக் விழுந்த மாதிரி துள்ளினான். சில வாரம் கழித்து ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கிக்குப் போனால், வேறு மாநிலத்தில் யாரோ ஏமாந்து 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பணம் நாலு கை மாறி உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறது, கணக்கு முடங்கியிருக்கிறது என்றார்கள். கேரளத்தில் 2023இல் சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு இப்படி நடந்ததைச் செய்தியில் படித்தபோது நமக்கு வராது என்று நினைத்திருந்தேன். எங்களுடையது வீட்டுக் கணக்கு. பால்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அதில்தான் பணம். நாற்பது நாள் அலைந்தோம். கியூஆர் வைப்பவர் அதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வந்ததை அவ்வப்போது எடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, வரி. 50,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு வரி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உறவினர் அல்லாதவர் சும்மா கொடுப்பதற்கு அது. தொடர்ந்து வீடியோ போட்டு அதற்காக வாங்கும் காசைத் தொழில் வருமானம் என்று கேட்டால் மறுப்பது கடினம். கணக்கில் காட்டிவிடுவது நிம்மதி. கொடுப்பவருக்கும் 80ஜி வருமான வரி விலக்கு எதுவும் கிடையாது, அது பதிவு செய்த அறக்கட்டளைகளுக்கு. செய்திச் சேனல் நடத்துபவர்களுக்கு இன்னொரு கண்ணி: செய்தி, நடப்பு நிகழ்ச்சி தயாரிக்கும் அமைப்புகள் வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது அதில் வராது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமைக்கு மாறிப்போன சித்தப்பா அனுப்பினால் வரும். அந்தத் துபாய்ப் பையனுக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ என்று வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு இருந்தால்தான் யுபிஐ. இல்லாதவருக்கு, கையில் இருக்கும் கார்டிலேயே போகிற சூப்பர் தேங்க்ஸ்தான் சுலபம்.

மாதச் சந்தாவை விட்டுவிட்டேனே. யூடியூப் மெம்பர்ஷிப்பில் அதே 70க்கு 30. ரசிகர்களிடம் மாதச் சந்தா வாங்க 2013இல் தொடங்கிய பேட்ரியான் தளத்தில், 2025 ஆகஸ்டுக்குப் பின் சேர்ந்தவர்களிடம் 10 விழுக்காடும், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணமும் பிடிப்பார்கள். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கார்டில் தானாகக் கழியும் பணத்துக்கு விதியை இறுக்கியபோது வெளிநாட்டுத் தளங்களுக்குக் கட்டிக்கொண்டிருந்த பலருடைய சந்தா பாதியில் அறுந்தது. அதெல்லாம் சமாளிக்கலாம். எனக்குள்ள தடை வேறு. பால் கணக்கு மாதிரி மாதாமாதம் வாங்கினால் மாதாமாதம் ஊற்ற வேண்டும். டிஎன்பிஎஸ்சி வகுப்பு எடுப்பவரால் முடியும். அருவி காய்ந்து கிடக்கும் பங்குனியில் நான் எதை ஊற்றுவது?

மலைக்கு அந்தப் பக்கம் கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. சவூதிச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த கோழிக்கோட்டுக்காரரை மீட்க 2024 ஏப்ரலில் மலையாளிகள் திரட்டியது 34 கோடி. அது அடுத்தவர் உயிருக்காகக் கேட்டது. என் பெட்ரோலுக்கு நான் கேட்பது வேறு. இரண்டையும் ஒரே கியூஆரில் கேட்கக் கூடாது. ஒருமுறை சிகிச்சை உதவி ஒன்றை எங்கள் சேனல் கியூஆரிலேயே வாங்கிவிட்டு, எது அவர் காசு, எது எங்கள் காசு என்று பிரிக்க இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம்.

இப்போது நாங்கள் செய்வது இது. சூப்பர் தேங்க்ஸ் எப்போதும் திறந்திருக்கும், அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கியூஆர், இன்ன பயணத்துக்கு இவ்வளவு என்று சொல்லி, வீடியோவின் கடைசியில் எட்டு நொடி. மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனுக்குத் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து கிளம்பி, ஆரியங்காவு தாண்டி நம் பக்கம் இறங்கி, தென்காசி வந்துதானே போகிறது. அந்த ஊர்வலத்தோடு போய் வர 3,400 ரூபாய் ஆகும் என்று எழுதிப் போட்டோம். நாலு நாளில் 3,150 வந்தது. கட்டத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கைக்காசில் போட்டுக்கொண்டு போனோம்.

போய்விட்டு வந்த வீடியோவை அண்ணாச்சியும் பார்த்திருந்தார். நீங்கள் மட்டும் ஒன்றும் அனுப்பவில்லையே என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"அனுப்பத் தெரியாமயா கிடக்கு? அனுப்புனா என் பேரு வரும்லா தம்பி. பெறவு என் கடை டீ தண்ணியா இருக்குன்னு நீ எப்படி வீடியோவுல சொல்லுவ?"

டீ அன்றைக்குத் தண்ணியாகத்தான் இருந்தது. காசு கொடுத்துவிட்டு வந்தேன்.