சென்னைக்குப் புறப்படும் முன் ஒரு டைபாய்டு ஊசி: குன்னூர்க் கிளினிக் அனுபவம்

கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை விடுதியில் தங்கப்போகும் என் மகளுக்கு டைபாய்டு தடுப்பூசி போட, குன்னூரில் உள்ள ஒரு சிறிய தனியார் கிளினிக்குக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். முதலில் விசாரித்த மருந்துக்கடையில் மருந்தை வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டியதைப் பார்த்த பிறகுதான் இங்கே வந்தோம். இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறைந்துபோனாலும் கெட்டுவிடும். ஊரே குளிர்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது. கிளினிக்கில் நாங்கள் கேட்டதும் செவிலியர் சலித்துக்கொள்ளாமல் குளிர்பெட்டியைத் திறந்து, 4 டிகிரி காட்டிய வெப்பமானியையும், காலையும் மாலையும் அளவெழுதிய நோட்டையும் காட்டினார். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் சமாளிக்கத் தனி இன்வெர்ட்டரும் இருக்கிறது.

பழைய வகை ஊசியை இரண்டு வயதுக்கு மேல்தான் போடலாம் என்றும், மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்றும் விளக்கிய டாக்டரம்மா, ஆறு மாதக் குழந்தைக்கும் ஏற்ற, ஒரே தவணையில் முடிகிற கான்ஜுகேட் (புரதத்தோடு இணைத்துத் தயாரிக்கும்) வகையைப் பரிந்துரைத்தார். நவி மும்பை மாநகராட்சி 2018இல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியதும் இதே வகைதான். எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், கிளம்பும் நாளுக்கு முன்னதாகவே வந்தது நல்லது என்றார்.

எனக்குப் பிடித்தது அதன்பின் அவர் பேசிய பத்து நிமிடம். ஊசி முழுப் பாதுகாப்பு தராது. கழிவில் கலந்து வெளியேறும் சால்மொனெல்லா டைபி கிருமி தண்ணீர், உணவு வழியாகத்தான் வாய்க்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கும் சாக்கடை நீர் வீட்டுச் சம்ப்புக்குள் இறங்கிவிடும் சென்னையில், கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும், ஜூஸ் கடை ஐஸை அறவே தவிர்க்க வேண்டும் என்று மகளிடம் நேராகவே சொன்னார். "காய்ச்சல் வந்தா உடனே வைடால் ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்துட்டு மாத்திரை போட்டுக்காதே பாப்பா, முதல் வாரத்துலயே ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்குக் கொடு" என்றதை அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

குறைகளும் உண்டு. செவ்வாய், வெள்ளி காலையில் மட்டுமே ஊசி போடுகிறார்கள். தொலைபேசியில் அதைச் சொல்லாததால் எங்களுக்கு ஒரு நடை வீண். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய கட்டணத்துக்கு ரசீதை இருமுறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நாய்க்கடி ஊசிக்குப் பேர்போன, 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கிற இந்த ஊரில், டைபாய்டு ஊசி மட்டும் கோயம்புத்தூரிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே முந்தைய நாளே அழைத்து, இருப்பு உண்டா என்று கேட்டுவிட்டுச் செல்லுங்கள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்புவார்கள். மருந்தின் தொகுப்பு எண் (பேட்ச் நம்பர்) எழுதிய அட்டையை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.