வீட்டில் வளர்த்த டூடுல் குட்டி என்று நம்பி 45,000 ரூபாயை இழந்தோம் – குமரி மாவட்டத்தினர் கவனத்துக்கு

கோல்டன் ரிட்ரீவர், பூடில் என்ற இரண்டு நாய் இனங்களை இணைத்துப் பெறும் கோல்டன்டூடுல் குட்டி ஒன்றை 45,000 ரூபாய் கொடுத்து வாங்கி, அது வீட்டுக்கு வந்த அதே வாரத்தில் பறிகொடுத்து நிற்கிறோம். பணத்தை வாங்கியவர் இப்போது என் எண்ணை முடக்கிவிட்டார். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் இதே விளம்பரத்தைப் பார்த்து விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள் என்பதால், ஆறப்போடாமல் இன்றே எழுதுகிறேன். இப்படிப் பூடில் கலந்த டூடுல் நாய் வாங்கும்போது எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

விளம்பரம் வந்தது ஒரு சமூக ஊடக விற்பனைப் பக்கத்தில். மார்த்தாண்டத்துக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த வீடு அது. கடையும் இல்லை, கூண்டுகளும் இல்லை. கழுவித் துடைத்த வராந்தாவில் குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அந்த வீட்டுப் பெண் எங்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மாடியில் கட்டிப்போடும் எண்ணம் உண்டா, அடர்ந்த முடியை நாள்தோறும் சீவிவிடப் பொறுமை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். “அக்கா, நாங்க இத வியாபாரமா செய்யல்ல, பிள்ளைய போல வளத்துதான் குடுக்கோம், சரியில்லாத வீட்டுக்கு எவ்வளவு பணம் தந்தாலும் குடுக்க மாட்டோம்” என்றார். விற்பவரே வாங்குபவரைச் சோதித்துப் பார்க்கிறாரே என்று என் கணவர் அந்த இடத்திலேயே மனம் இளகிவிட்டார். பொறுப்புள்ளவர் கேட்கும் கேள்விகளைப் பொறுப்பில்லாதவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்பதை இப்போது அறிகிறோம்.

தாய் என்று ஒரு கோல்டன் ரிட்ரீவரைக் காட்டினார்கள். அதன் மடி வற்றியிருந்ததைப் பற்றிக் கேட்டபோது, பால்குடி மறக்கடித்துவிட்டோம் என்று விளக்கம் வந்தது. தகப்பனாகிய பூடிலோ கைப்பேசிப் படத்தில் மட்டும் இருந்தது, திருவனந்தபுரத்தில் இருக்கிறதாம். என் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு என்றதும், டூடுலுக்கு முடி உதிராது, ஒவ்வாமையே வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்காகவே உருவாக்கப்பட்டது என்று ஒரு வரலாறும் சொன்னார்கள். அந்த வரலாறு உண்மைதான், ஆனால் அது 1989-இல் வழிகாட்டி நாய்களுக்காக வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்து உருவாக்கிய லாப்ரடூடிலின் வரலாறு. அந்தக் கலப்பினத்தைத் தொடங்கிவைத்ததற்காகப் பின்னாளில் அவரே வருந்தினார் என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. எட்டு வாரம் முடிந்த குட்டி, முதல் தடுப்பூசி போட்டாயிற்று, நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் தபாலில் வரும் என்ற மூன்று உறுதிகளின் பேரில் 45,000 ரூபாயை அங்கேயே நின்று யுபிஐ வழியாக அனுப்பினோம்.

வந்த மறுநாளே குட்டி பாத்திரத்தின் பக்கம் போகவில்லை. பிறகு வாந்தியும், அதைத் தொடர்ந்து துர்நாற்றத்துடன் இரத்தம் கலந்த கழிச்சலும் கண்டன. நாகர்கோவிலில் நாங்கள் காட்டிய கால்நடை மருத்துவர் மலத்தைப் பரிசோதனை அட்டையில் சோதித்து, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்று உறுதி செய்தார். இந்தக் கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகும் என்பதால், குட்டி அங்கிருந்து புறப்படும்போதே தொற்றுடன்தான் வந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். பால்பற்கள் முழுமையாக முளைக்காததைக் காட்டி, ஆறு வாரத்துக்கு மேல் வயது இருக்காது என்றார். தடுப்பூசி அட்டையில் ஒட்டுவில்லை இருந்ததே தவிர, ஊசி போட்ட மருத்துவரின் கையெழுத்தோ பதிவு எண்ணோ இல்லை. குளுக்கோஸ் ஏற்றியும் குட்டி பிழைக்கவில்லை. என் மகள் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

இதன் பிறகு கேட்ட பதில்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முதலில், பயணக் களைப்பு, சரியாகிவிடும் என்றார்கள். அடுத்து, தயிர்ச்சோறு கொடுத்திருப்பீர்கள் என்றார்கள். கொடுக்கவில்லை என்றதும் நாகர்கோவில் ஈரக்காற்று ஒத்துக்கொண்டிருக்காது என்றார்கள். மார்த்தாண்டத்தில் பெய்யாத மழையா நாகர்கோவிலில் பெய்கிறது? பரிசோதனை முடிவை அனுப்பியபோது, அந்த மருத்துவருக்கு நாய் வைத்தியம் தெரியாது என்றார்கள். 45,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோது, வீட்டில் துக்கம், பிறகு பேசலாம் என்றார்கள். கடைசியாக, பாதி விலை கொடுத்தால் அடுத்த ஈற்றில் வேறு குட்டி தருகிறோம் என்று ஒரு சலுகை வந்தது. பார்வோ கிருமி வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டியை இப்போது இந்த வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருக்க, நாய்களைப் பிள்ளைகள் என்று சொல்பவர் இன்னொரு குட்டியை இங்கே அனுப்பத் தயாராக இருந்தார். அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் என் எண் முடக்கப்பட்டது. விற்பனைப் பக்கத்தை நடத்துபவர்களோ, நாங்கள் விளம்பரத்துக்கு மட்டுமே இடம் கொடுக்கிறோம் என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டார்கள்.

சொன்ன ஆலோசனைக்கு வருகிறேன். நிதானமாக எழுதும் மனநிலையில் இல்லை. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி, வீட்டில் வளர்த்து விற்பவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். டூடுலைக் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தனி இனமாக ஏற்கவில்லை, ஆகவே குட்டிக்கு அந்தச் சான்றிதழ் வரும் என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஒவ்வாமை தருவது முடி மட்டும் அன்று, எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதம்; அது இல்லாத நாய் கிடையாது. ரசீது கேளுங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். எங்கள் 45,000 ரூபாய்க்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலை அதே வராந்தா, அதே குட்டிகளின் படங்களுடன், இரண்டு மட்டுமே மீதம் என்று அந்த விளம்பரம் வேறொரு பெயரில் மறுபடியும் வந்திருக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் யாராவது இருந்தால், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த மருத்துவரிடம் குட்டியைக் காட்டிவிடுங்கள்.