பிலிப்ஸ் எவர்ஃப்ளோ 5 லீற்றர் ஒட்சிசன் மெஷின்: கொழும்பு வீட்டுக்குச் சரிவருமா?

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவரை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, "வீட்டிலும் ஒட்சிசன் குடுக்க வேணும், 2 லீற்றர்" என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால், வீட்டார் அன்றைக்கே ஒரு மெஷினைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். கொழும்புச் சர்ஜிக்கல் கடைகளில் புதிதாகவும் பாவித்ததாகவும் வாடகைக்கும் கைமாறும் 5 லீற்றர் மெஷின்களில் எவர்ஃப்ளோவும் ஒன்று. ஒட்சிசன் செறிவு காட்டும் விளக்கு உள்ள மொடல் என்றால் நம்பி எடுக்கலாம். விளக்கு இல்லாத மொடலும் இதே பெட்டியில், இதே தோற்றத்தில் வருகிறது. அதை அளந்து பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

காரணம் மெஷின் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைதரசன், 21 சதவீதம் ஒட்சிசன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகன். கொம்பிரசர் அறைக் காற்றை அழுத்தி, சியோலைற் மணிகள் நிரப்பிய இரண்டு குழாய்களுக்குள் மாறி மாறிச் செலுத்துகிறது. அழுத்தம் ஏறும்போது சியோலைற் நைதரசனைப் பிடித்துவைக்கும், ஒட்சிசன் மறுபக்கத்தால் வெளிவரும். சில விநாடிகளில் வால்வு மாறி, பிடித்த நைதரசனை முதல் குழாய் "புஸ்" என்று வெளியே விடும். இந்தச் சத்தம் ஒரே சீரான இடைவெளியில் கேட்க வேண்டும். சீர் குழம்பினால் முதலில் வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும். சியோலைற் ஆகனைப் பிரிப்பதில்லை. ஆகவே எந்த வீட்டு மெஷினும் 95, 96 சதவீதத்தைத் தாண்டாது. பெட்டியில் "99 சதவீதம்" என்று ஒட்டியிருந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

"5 லீற்றர்" என்பது நிமிடத்துக்கு வரும் ஓட்டம் மட்டுமே. அந்த ஓட்டத்தில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்பது வேறு கணக்கு, நோயாளிக்குத் தேவையானதும் அந்தக் கணக்குத்தான். மூச்சை உள்ளே இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 30 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 லீற்றரை மெஷின் தரும், மிச்சம் 25 லீற்றர் அறைக் காற்று. மெஷின் 93 சதவீதம் தந்தால் உள்ளே போகும் கலவையில் ஒட்சிசன் ஏறத்தாழ 33 சதவீதம். அதே 5 லீற்றரை 45 சதவீதத்தில் தந்தால் 25 சதவீதம்தான். வெறும் அறைக் காற்றே 21 என்பதை நினைத்தால், இரண்டாவது மெஷின் பேருக்குத்தான் ஓடுகிறது. "1 முதல் 7 லீற்றர்" என்று விற்கும் சிறிய மலிவு மெஷின்கள் பலவற்றின் நிலை இதுதான். 1 லீற்றரில் 90 சதவீதம் காட்டும், ஓட்டத்தைக் கூட்டக் கூட்டச் செறிவு சரிந்துகொண்டே போகும். மூச்சுத் திணறும் ஒருவருக்கு இதை விற்பது எங்கள் பார்வையில் பெரிய அநியாயம்.

எவர்ஃப்ளோ 0.5 முதல் 5 லீற்றர் வரை முழு ஓட்டத்திலும் 93 சதவீதத்தை ஒட்டித் தருகிறது. நிறை 14 கிலோ, மின்சாரம் 350 வாற், சத்தம் 45 டெசிபல். செறிவு 82 சதவீதத்துக்குக் கீழே போனால் மஞ்சள் விளக்கு, 70க்குக் கீழே போனால் சிவப்பு. ஓட்டத்தைக் காட்டும் ஓட்டமானி பெட்டிக்குள் குழிந்து இருப்பதால் இடிபட்டு உடையாது. குழாய் மாட்டும் முனை உலோகம். பிளாஸ்ரிக் முனை உள்ள மெஷின்கள் அதிகம் உடைவது அந்த இடத்தில்தான்.

இனிக் கொழும்பின் வெக்கை. இந்த மெஷின் 13 முதல் 32 பாகை செல்சியஸ் வரையான அறைக்கென்று செய்யப்பட்டது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யன்னல் சாத்திய சின்ன அறை மத்தியானத்தில் 32 பாகையைச் சும்மாவே தொட்டுவிடும். அதற்குள் 350 வாற் மெஷின் ஒன்று நாள் முழுக்க ஓடினால், அது இழுக்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் அந்த அறையின் சூடாகத்தான் மாறும். மெஷினைச் சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓரடியாவது தள்ளி, கதவு திறந்த அறையில் அல்லது ஹோலில் வைத்து, குழாயை நீட்டி நோயாளியிடம் கொண்டுபோங்கள். மொத்த நீளம் 15 மீற்றரைத் தாண்ட வேண்டாம். சத்தமும் இப்படிப் படுக்கையறைக்கு வராது.

ஈரம் இன்னொரு எதிரி. சியோலைற் நைதரசனைவிட நீராவியை இறுக்கமாகப் பிடிக்கும், பிடித்ததை இலேசில் விடாது. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று மாதக்கணக்கில் மூலையில் மூடிவைத்த மெஷின், தேவைப்படும் நாளில் மஞ்சள் விளக்கோடுதான் எழும்பும். பாவிக்காத காலத்திலும் மாதம் ஒரு தடவை அரை மணித்தியாலமாவது ஓடவிடுங்கள்.

ஓடத் தொடங்கியதும் முழுச் செறிவுக்கு வர 5 முதல் 10 நிமிடம் எடுக்கும். ஓட்டமானியைக் கண் மட்டத்தில் பார்த்து, உள்ளே மிதக்கும் குண்டின் நடு கோட்டில் நிற்கும்படி வையுங்கள். மூக்குக் குழாயின் வளைவு கீழ்நோக்கி இருக்க வேண்டும். நாங்கள் காணும் முறைப்பாடுகளில் அதிகமானவை மெஷினில் அல்ல, ஒட்சிசனை ஈரமாக்க மாட்டும் நீர்ப் போத்தலில்தான். மூடி கோணலாகத் திருகுப்பட்டால் ஒட்சிசன் அங்கேயே கசிந்துவிடும். மெஷினில் குண்டு 2இல் நிற்கும், மூக்கில் ஒன்றும் வராது. பார்ப்பது சுலபம்: மூக்கு முனையை ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடியுங்கள், குமிழி வர வேண்டும். பிறகு குழாயை மடித்துப் பிடியுங்கள், போத்தலின் பாதுகாப்பு வால்வு விசிலடிக்க வேண்டும். விசில் இல்லையென்றால் மூடியைக் கழற்றித் திரும்ப நேராகப் பூட்டுங்கள்.

போத்தலுக்குப் பாமசியில் வாங்கும் வடித்த நீர். பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் வேண்டாம், அது சுவாசத்துக்கென்று தயாரிக்கப்படுவதில்லை. வடித்த நீர் கிடைக்காத நாளில் கொதிக்கவைத்து ஆறவிட்ட நீரால் சமாளிக்கலாம். தினமும் மாற்ற வேண்டும், மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். ஏசி அறையில் குழாய் தரையில் கிடந்தாலும் உள்ளே நீர் கோக்கும். 1, 2 லீற்றருக்கு மூக்கு வறளாவிட்டால் போத்தலே தேவையில்லை என்பதையும் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்.

மின்சாரக் கணக்கு: 24 மணித்தியாலமும் ஓடினால் நாளுக்கு 8.4 யூனிட், 30 நாளுக்கு 252. வேறெதுவும் போடாமலே வீட்டுப் பில் 180 யூனிட்டைத் தாண்டி மிக உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடும். வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதையும் சேர்க்க வேண்டும். மெஷினை நேராகச் சுவர்ப் பிளக்கில் குத்துங்கள், மல்ரிபிளக் வேண்டாம்.

எவர்ஃப்ளோவின் பெரிய குறை, உள்ளே பற்றரி இல்லாதது. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட ஊரில் இது சின்ன விஷயமல்ல. 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டரின் இழப்பும் போக, இந்த மெஷினுக்கு அது ஒன்றரை மணித்தியாலமே தாங்கும். இன்வேட்டர் பியூர் சைன் வேவ் ஆக இருக்க வேண்டும், மற்ற வகையில் கொம்பிரசர் மோட்டர் சூடேறும். ஆகவே ஒரு சிலிண்டர் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். அதன் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்: 10 லீற்றர் சிலிண்டர், அழுத்தம் 137 பார் என்றால் 1,370 லீற்றர், நிமிடத்துக்கு 2 லீற்றரில் 11 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேற்றர் பூட்டும் இடத்தில் எண்ணெயோ கிரீஸோ துளியும் படக் கூடாது, அழுத்தமான ஒட்சிசனில் அது தானே தீப்பிடிக்கக்கூடும்.

ஒட்சிசன் எரிவதில்லை, மற்றதை மூர்க்கமாக எரியவைக்கும். சுவாமி விளக்கு, கற்பூரம், சாம்பிராணித் தட்டு, காஸ் அடுப்பு, சிகரெட் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 3 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். தலையணையும் சேலையும் தலைமுடியும் ஒட்சிசனை உறிஞ்சி வைத்திருக்கும். குழாயைக் கழற்றிய கையோடு அம்மா விளக்கேற்றப் போகக் கூடாது. மூக்கு வறண்டால் வாஸ்லினோ தைலமோ பூசாமல், நீர் அடிப்படையிலான ஜெல் வாங்குங்கள்.

ஓட்டத்தை வீட்டார் தாமாகக் கூட்டுவது இன்னொரு ஆபத்து. சீஓபீடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பலருக்கு, இரத்தத்தின் ஒட்சிசன் அளவுக்கு வைத்தியர் வைக்கும் இலக்கு 88 முதல் 92 சதவீதம். 98க்கு ஏற்றினால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்கி, ஆள் அரைத் தூக்கத்தில் மயங்கிப் போகலாம். எழுதித் தந்த ஓட்டத்தில், குழாயும் போத்தலும் சரியாக இருந்தும், இந்த அளவை விரலில் மாட்டிக் காட்டும் விரல்மானி இலக்குக்குக் கீழேயே நின்றால் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இந்த மெஷின் அந்த நிலைக்கானது அல்ல.

பாவித்த மெஷின் எடுப்பவர்கள் முதலில், அது மொத்தம் ஓடிய மணித்தியாலத்தைக் காட்டும் மணிமானியைப் பாருங்கள். நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு வருடத்துக்கு 8,760 மணித்தியாலம் ஏறும். 20,000ஐத் தாண்டியிருந்தால் சியோலைற் மாற்றப்பட்டதா என்று பில்லோடு கேளுங்கள். பிறகு ஓட்டத்தை 5இல் வைத்து, 20 நிமிடம் ஓடவிட்டு, ஒட்சிசன் செறிவை அளக்கும் கடைக்காரரின் அனலைசரில் அளக்கச் சொல்லுங்கள். 2இல் வைத்து அளந்து காட்டினால் ஏற்காதீர்கள், தேய்ந்த மெஷினும் 2இல் 90 காட்டும். 5இல் 90க்குக் குறைந்தால் வேண்டாம். அனலைசர் இல்லாத கடை என்றால் வேறு கடை பாருங்கள். மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் மொடல் பதிவானதா என்பதையும், மெஷின் நின்றால் எத்தனை மணித்தியாலத்துக்குள் மாற்று மெஷின் வரும் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.