மார்பிளும் கியூஜிஐஎஸ்ஸும்: கடலூர் – புதுச்சேரி வட்டாரத்தில் நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பூமி உருண்டையைச் சுழற்றிப் பார்க்க மார்பிள், கணக்குப் போட கியூஜிஐஎஸ். இரண்டும் கணினியில் ஓடும் திறமூல வரைபட மென்பொருள்கள், காசு கிடையாது. ஒன்றின் வேலையை இன்னொன்றில் செய்யப் போனால்தான் தலைவலி.

மார்பிள், கேடிஇ என்ற திறமூல மென்பொருள் குழுவினர் உருவாக்கியது. தனி கிராபிக்ஸ் கார்டு கேட்காது. பழைய மடிக்கணினியிலும் உருண்டை சிக்காமல் சுற்றும். நிறுவியதுமே இணையம் இல்லாமல் அட்லஸ் வரைபடம் ஓடும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் எங்கெங்கே சிதறிக் கிடக்கின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் பாகூர் பக்கம் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறிமாறி வருவது அட்லஸில் தெரியாது. அதற்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் (ஓஎஸ்எம்) என்ற, தன்னார்வலர்கள் வரையும் வரைபடக் காட்சிக்கு மாற வேண்டும். செயற்கைக்கோள் காட்சியை நம்பி நெருங்கிப் போகாதீர்கள். அது நாசாவின் ப்ளூ மார்பிள் படம், ஒரு புள்ளிக்கு சுமார் 500 மீட்டர். பிச்சாவரம் காடே ஒரு பச்சைத் தீற்றல்தான்.

இணையம் இல்லாத இடத்துக்கு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம் என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். வரைபடம் ஓடுகளாக, அதாவது சிறு சதுரப் படங்களாக, வரும்; நிலை என்பது எவ்வளவு நெருங்கிப் பார்க்கிறோம் என்பது. நம் அட்சரேகையில் 15ஆம் நிலையில் ஒரு ஓட்டின் அகலம் சுமார் 1.2 கிலோமீட்டர். 25க்கு 25 கிலோமீட்டர் பரப்புக்கு 440 ஓடுகள் போதும். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் நான்கு மடங்காகும். 18ஆம் நிலையில் 28,000ஐத் தாண்டிவிடும். ஓஎஸ்எம் பொதுச் சேவையகம் இப்படி மொத்தமாக இழுப்பதை அனுமதிப்பதில்லை. தடை விழுந்தால் திரையில் வெற்றுக் கட்டங்கள்தான் மிஞ்சும்.

அதைவிட, ஓஎஸ்எம் தரவைக் கோப்புகளாகத் தரும் ஜியோஃபாப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென்மண்டலக் கோப்பை (பிபிஎஃப் வடிவில்) ஒருமுறை இறக்கி, தீர்க்கரேகை 79.6 – 79.95, அட்சரேகை 11.6 – 12.05 என்ற கட்டத்துக்குள் வருவதை மட்டும் கியூஜிஐஎஸ்ஸில் ஜியோபேக்கேஜ் வடிவக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிபிஎஃப் கோப்பை அப்படியே வைத்து வேலை செய்தால், படத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அது கோப்பை முதலிலிருந்து படிக்கும். டீ குடித்துவிட்டு வரலாம்.

இந்தத் தரவின் அட்டவணையில் தமிழ்ப் பெயர்கள் தனிக் கட்டத்தில் வராது. "அதர் டேக்ஸ்" என்ற ஒரே கட்டத்துக்குள் திணிக்கப்பட்டிருக்கும். லேபிள் சூத்திரத்தில் எச்ஸ்டோர்-டு-மேப் ஃபங்ஷனால் தமிழ்ப் பெயரைப் பிரித்தெடுத்து, அது இல்லாத இடத்தில் பொதுப் பெயர் வரும்படி கோயலெஸ் ஃபங்ஷனில் போட வேண்டும். பழைய பதிப்புகளில் சாலை வளைவோடு வளையும் லேபிளைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுக் கழன்று நிற்கும். "பேரலல்" என்று மாற்றினால் சரியாகிவிடும்.

தூரம், பரப்பு அளக்கும் முன் தரவு அடுக்கை, டிகிரிக்குப் பதில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது கியூஜிஐஎஸ் பட்டியலில் இபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணுக்கு, மாற்றிவிடுங்கள். மாற்றாமல் ஆற்றங்கரைக்கு 500 என்று பஃபர் (சுற்றெல்லை) போட்டால் அது 500 மீட்டர் அல்ல, 500 டிகிரி.

இனி உயரம். இந்த வட்டாரத்தில் அதிகம் ஏமாறுவது இதில்தான். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாளில் ரேடாரால் அளந்தது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரம் முழு மீட்டரில். கேப்பர் மலை அதில் அழகாக எழும்பித் தெரியும். கடற்கரையில்தான் வம்பு. அங்கே நிலமே கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர். தரவின் பிழை வரம்போ 16 மீட்டர். ரேடார் மரத்தின் தலையைத் தாண்டித் தரை வரை முழுசாக இறங்குவதில்லை, அதனால் சவுக்குத் தோப்பு மேடாகப் பதிந்திருக்கும். மூன்று மீட்டர் தண்ணீர் ஏற்றிப் பார்த்தால் தோப்பு காய்ந்து கிடக்கும், பக்கத்துத் தெரு முழுகும். அதை வெள்ள அபாய வரைபடம் என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நீரோட்டம் கணித்தால் இன்னொரு அடையாளம் கிடைக்கும்: கெடிலம் கழிமுகம் பக்கம் ஓடைகள் அடிக்கோல் வைத்துக் கிழித்தாற்போல் நேர்நேராக வந்தால், அது நிலம் சொல்வதல்ல, சமதளத்தில் வழி தெரியாமல் மென்பொருள் இழுத்த கோடு. நெய்வேலியிலும் கவனம் தேவை. சுரங்கம் 2000க்குப் பிறகு வெகுதூரம் நகர்ந்துவிட்டது. தரவில் உள்ள குழி வேறிடத்தில்.

வாய்க்கால் மட்டம் வேண்டுமென்றால் ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து நேரில் எடுப்பதே வழி. எடுத்த புள்ளிகளை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றும்போது எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகை, ஒய் கட்டத்தில் அட்சரேகை. மாற்றிப் போட்டால் தேவனாம்பட்டினம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய் விழும். புள்ளி காணோம் என்று தேடும்போது முதலில் அங்கே பாருங்கள்.