பிஜியின் கரும்புப் பாதை: குட்டி ரயிலா, லாரியா?

பிஜியின் விட்டி லெவு, வனுவா லெவு தீவுகளில் கரும்பு ஆலைக்குப் போக வழி இரண்டு: 2 அடி (610 மி.மீ.) அகலத் தண்டவாளம், அல்லது லாரி. ஆஸ்திரேலியாவின் சர்க்கரைக் கம்பெனியான சி.எஸ்.ஆர். போட்ட அந்தப் பாதைகளின் வழியே, 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய நம்மவர் வெட்டிய கரும்பும் போயிருக்கிறது.

ரயிலின் பலம் அதிக எடையை இழுப்பது. ஒரே எஞ்சின் பல தோட்டங்களின் பெட்டிகளைக் கோத்து இழுக்கும். டீசலும் ஆளும் மிச்சம். அகலம் குறைவென்பதால் கூர்மையான வளைவுகளிலும் திரும்பும். வயலுக்குள் தற்காலிகத் தண்டவாளத் துண்டுகளை விரித்து, வெட்டிய இடத்திலேயே பெட்டியில் ஏற்றலாம். சிக்கலும் அங்கேதான். மழையில் மண் இளகினால் ஒரு பக்கத் தண்டவாளம் அமிழும், பாரம் சாயும், சக்கரம் தடம் இறங்கும். தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டைகள் உளுத்துப்போனால் ஆணி பிடிக்காது, தண்டவாள இடைவெளி அகலும். பெட்டி நேராக உள்ளே விழும்.

லாரி மேட்டு நிலத்துக்கும் போகும், எஞ்சினுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஆலை வாசலில் வரிசை நீண்டால் கரும்பு வெயிலில் கிடக்கும். வெட்டிய கரும்பில் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும்; அது படிகமாகாது. கிருமி புகுந்தால் பிசின்போல டெக்ஸ்ட்ரான் உருவாகி சாற்றைக் கெடுக்கும். சருகை எரித்துவிட்டு வெட்டிய கரும்பில் இது இன்னும் வேகம். டயர், டீசல் செலவு வேறு.

ஆலைக்கு அருகே, சமவெளியில், பாதையைப் பராமரிக்க முடிந்தால் ரயிலே மேல். சரிவு நிலத்துக்கு லாரிதான்.