நிறுத்திவைத்த மின்சாரக் காரில் டேஷ்கேமுக்குத் தனி பேட்டரி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் எனக்குக் கிடைத்த கார் நிறுத்துமிடம், மேலே கூரையில்லாமல் தெருவோரமாக அமைந்தது. கார் வாங்கிய மூன்றாம் மாதமே பின்கதவில் யாரோ உரசிவிட்டுப் போன கோடு ஒன்று கைநீளத்துக்கு விழுந்திருந்தது. அன்றே, ஓடும்போது மட்டுமன்றி நிற்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம்களை, அதாவது காரின் முன்புறமும் பின்புறமும் வைக்கும் கேமராக்களைப் பொருத்துவது என்று முடிவு செய்தேன். கேமராவைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. இரவெல்லாம் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை காண ஓராண்டு ஆயிற்று.

காரின் அடியில் 40 கிலோவாட்-மணி பேட்டரி இருக்கும்போது கேமராவுக்கு என்ன பஞ்சம் என்று பலர் என்னிடம் கேட்டார்கள். ஆனால் கேமரா அந்தப் பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. பூட்டு, விளக்கு, திரை, கணினிகள் எல்லாம் பெட்ரோல் காரில் உள்ளதைப் போன்ற ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியில்தான் இயங்குகின்றன. காரை இயக்கியதும் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் பெரிய பேட்டரியிலிருந்து சிறியதற்கு மின்சாரம் ஏற்றும். அணைத்ததும் காண்டாக்டர்கள் எனும் பெரிய மின் சுவிட்சுகள் திறந்துகொண்டு பெரிய பேட்டரி தனியே துண்டிக்கப்பட்டுவிடும். அதன்பின் கேமரா இழுக்கும் ஒவ்வொரு துளியும் அந்தச் சிறிய பேட்டரியின் கணக்கில்தான் விழுகிறது. இரண்டு கேமராக்கள் சேர்ந்து 5 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 120 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி. பெரிய பேட்டரிக்கு இது வெறும் 0.3 சதவீதம். 40 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிக்கோ, அதைப் பாதிக்குமேல் காலி செய்யக்கூடாது என்பதால், இரண்டே நாளில் எல்லை வந்துவிடும். சில கார்கள் நிற்கும்போதும் தாமாக விழித்து 12 வோல்ட் பேட்டரியை நிரப்பிக்கொள்கின்றன. என் கார் அப்படிச் செய்வதில்லை. வாங்குவோர் தங்கள் காரைப் பற்றி இதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நான் உறுதிசெய்துகொள்ளவில்லை. உதிரிபாகக் கடை ஒன்றில் கேமராவைக் காரின் 12 வோல்ட் இணைப்போடு நேரடியாகச் சேர்க்கும் வழக்கமான ஹார்டுவயர் கிட்டைப் பொருத்திக்கொண்டேன். மின்னழுத்தம் குறைந்தால் கேமராவை நிறுத்தும் வசதி அதில் இருந்தது, ஆனால் கடைக்காரர் அதை 11.6 வோல்ட்டில் வைத்திருந்தார். ஈய அமில பேட்டரி நிரம்பியிருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதி, 11.6 என்றால் ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை. நான்கு நாள் கும்பகோணம் போய்த் திரும்பி வந்து ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியை உருவித் திறந்து உட்கார்ந்தால் திரை இருண்டு கிடந்தது. புறப்பட்டபோது பெரிய பேட்டரியில் 72 சதவீதம் இருந்தது. அது அப்படியே இருந்தும் பயனில்லை, ஏனெனில் காண்டாக்டர்களை மூடுவதற்கும் அந்த 12 வோல்ட்தான் வேண்டும். சார்ஜரைச் செருகியும் சார்ஜ் ஏறவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வெளியிலிருந்து 12 வோல்ட் தரும் தம்முடைய ஜம்ப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து இணைத்த பிறகு, இருக்கைக்கு அடியிலிருந்து 'டக்' என்று காண்டாக்டர் மூடும் ஓசை கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பின் வாங்கியதுதான் இந்த டேஷ்கேம் பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, 12.8 வோல்ட், 6,000 மில்லி ஆம்பியர்-மணி, ஆக 76.8 வாட்-மணி. தடித்த புத்தகம் அளவு இருக்கும். கார் ஓடும்போது மட்டும் இது சார்ஜ் ஆகும், நிற்கும்போது கேமராவுக்குக் கொடுக்கும். காரின் 12 வோல்ட் பேட்டரியோடு அந்நேரத்தில் இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தப் பிரிவினைதான். பேட்டரி காலியானால் கேமரா அணையும், அவ்வளவே; கார் காலையில் கட்டாயம் கிளம்பும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட் வழியாகவும் இதைச் சார்ஜ் செய்யலாம், ஆனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக இணைத்தால் முக்கால் மணி நேரத்தில் நிரம்புகிறது. கிண்டியில் உள்ள அலுவலகத்துக்குப் போக எனக்கு அதே முக்கால் மணி ஆவதால் இரண்டாவது வழியையே தேர்ந்தேன். இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 120 வாட். முழு சார்ஜுக்கும் சேர்த்துப் பார்த்தால் காரின் ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறைவதில்லை. வயரை வெட்டாமல், ஃபியூஸ் இருக்கும் இடத்திலேயே செருகி இணைப்பு எடுக்கும் ஃபியூஸ் டேப் போட்டே இணைக்கச் சொல்லுங்கள். கார் அணைந்ததும் மின்சாரம் நின்றுபோகும் ஃபியூஸ் எது என்பதை மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருக வேண்டும். காரைப் பூட்டியபின் கால் மணி நேரம் காத்திருந்து மீண்டும் அளக்கச் சொன்னேன், ஏனெனில் மின்சாரக் காரில் சில ஃபியூஸ்கள் உடனே அணையாமல் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கின்றன. ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தத்துக்கானவை. அவற்றின் அருகே யாரும் கைவைக்க விடாதீர்கள்.

எத்தனை மணி நேரம் வருகிறது? கணக்குப்படி 15 மணி நேரத்துக்குச் சற்று மேல். எனக்குக் கிடைப்பது 14. மாலை ஏழு மணிக்கு நிறுத்தினால் காலை ஒன்பது வரை தாங்குகிறது. வார நாட்களுக்கு இது தாராளம். சனிக்கிழமை இரவு நிறுத்தி ஞாயிறு முழுவதும் காரை எடுக்காவிட்டால் நண்பகலுக்கு முன்பே கேமரா அணைந்துவிடுகிறது. அதிர்வு வந்தால் மட்டும் விழிக்கும் முறைக்கு மாற்றினால் நாட்கணக்கில் ஓடும். ஆனால் மோதும் கணத்துக்கு முன் நடந்தது அதில் பதிவாவதில்லை. கோடு போட்டவனின் வண்டி எண்ணைத் தேடும் எனக்கு அந்த முந்தைய சில நொடிகள்தான் முக்கியம் என்பதால் நான் அம்முறையைப் பயன்படுத்துவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வீட்டில் கார் இரவு முழுவதும் சார்ஜ் ஆகும்போது இதுவும் சேர்ந்து நிரம்பும் என்று எதிர்பார்த்தேன்; என் காரில் அந்நேரம் அந்த ஃபியூஸில் மின்சாரம் வராததால் நிரம்புவதில்லை. மே மாதத்து மதிய வெயிலில் நின்ற காரை எடுத்தால், உள்வெப்பம் தணியும்வரை சார்ஜ் ஏற மறுக்கிறது. இது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான், குறையாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த நாட்களில் வீடு வந்து சேரும்போது பாதிதான் நிரம்பியிருக்கும். முதலில் டேஷ்போர்டு ஓரத்தில் வைத்திருந்ததை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் மாற்றியதும் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. கைப்பேசிச் செயலி காட்டும் சதவீதம் நம்பத்தக்கதாக இல்லை. 30 காட்டும்போதே ஒரு முறை அணைந்துவிட்டது. விலையும் கேமராவின் விலையைவிடக் கூடுதல்.

பணத்தை மிச்சம் பிடிக்க பவர்பேங்க்கை டேஷ்போர்டில் வைத்துச் சமாளிப்பவர்களை அறிவேன். சென்னை வெயிலில் மூடிய காருக்குள் சாதாரண லித்தியம் அயான் பேட்டரியை விட்டுவைப்பது ஆபத்து. தயவுசெய்து செய்ய வேண்டாம். பழுது பார்க்கும் கருவியைச் செருகும் ஓபிடி துளையிலிருந்து மின்சாரம் எடுக்கும் வயர்களும் கிடைக்கின்றன, ஆனால் அவை காரின் கணினிகளை உறங்கவிடாமல் வைத்திருக்கக்கூடும், அந்தச் சுமையும் அதே 12 வோல்ட் பேட்டரியின் தலையில்தான் விழும். டெஸ்லா காரில், நிற்கும்போது காரின் சொந்தக் கேமராக்களே கண்காணிக்கும் சென்ட்ரி மோட் பெரிய பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தானாக நின்றும்விடுகிறது. ஒரு நாளைக்குச் சில கிலோவாட்-மணி செலவாகிறது என்றாலும், காரை வடிவமைத்தவர்களே இதை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி. கேமராவுக்கென்று 5 வாட் தரும் ஒரு சிறு இணைப்பை மற்ற நிறுவனங்களும் தொழிற்சாலையிலேயே கொடுத்துவிட்டால் இந்தத் தனி பேட்டரிக்கே தேவையிருக்காது.

தினமும் முக்கால் மணியாவது கார் ஓட்டுபவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் காரை எடுப்பவர்களுக்கு இந்த அளவு போதாது. இதனோடு இணைக்கும் கூடுதல் பேட்டரியையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். என் ஞாயிற்றுக்கிழமைகளுக்காக நானும் அதை வாங்கப்போகிறேன், அதற்கான வயரை இருக்கைக்கு அடியில் முன்பே இழுத்து வைத்தாயிற்று.