பொறியியல் ஆன்லைன் கலந்தாய்வு: சேவை நன்று, சாய்ஸ் பட்டியல் உங்கள் பொறுப்பு

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வை, அதாவது டி.என்.இ.ஏ.வை, ஒரு சேவையாக எடை போட்டால் அதன் பெரிய பலம் வெளிப்படைத்தன்மைதான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எந்த ராங்க்காரருக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த இடஒதுக்கீட்டில் போனது என்ற பட்டியல் வெளியாகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். சிபாரிசுக்கு இதில் வேலையே இல்லை. "எனக்கு உள்ளே ஆள் தெரியும், கவுன்சலிங்கில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று உறுதியாக நம்பலாம்.

2018-க்கு முன்பு மாணவரும் பெற்றோரும் சென்னை கிண்டிக்குப் போய், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்து, திரையில் தெரியும் காலியிடங்களைப் பார்த்து அங்கேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018-இல் அது ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அலைச்சலும் செலவும் போனது பெரிய நிம்மதி. ஆனால் இந்த மாற்றத்தோடு இன்னொன்றும் மாறிவிட்டது. அன்று காலியிடத்தைக் கண்ணால் பார்த்து எடுத்தார்கள். இன்று எதுவும் தெரியாமல் முழு விருப்பப் பட்டியலையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய முறையில் சேர்ந்த அண்ணன், மாமா சொல்லும் யோசனை பல நேரம் இங்கே பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ராங்க்கை முடிவு செய்யும் மதிப்பெண்ணான கட் ஆஃபின் கணக்கு எளிது. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி, மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 88 என்றால் 92 + 42.5 + 44 = 178.5. கணிதத்தில் விட்ட ஒரு மதிப்பெண்ணை ஈடுகட்ட இயற்பியலில் இரண்டு எடுக்க வேண்டும். கடைசி மாத ரிவிஷனில் நேரத்தைப் பிரிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். இன்னொரு விஷயம், கட் ஆஃப் பெரும்பாலும் அரை அரை மதிப்பெண்ணாகத்தான் நகர்கிறது. விண்ணப்பிப்பவர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல். ஆகவே ஒரே கட் ஆஃபில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். அவர்களைப் பிரிக்க முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, அப்போதும் சமமாக இருந்தால் பிறந்த தேதிக்கும், கடைசியில் ஒவ்வொருவருக்கும் கணினி தரும் ரேண்டம் எண்ணுக்கும் போவார்கள். ரேண்டம் எண் வெளியாகும் நாளில் எழும் பதற்றத்துக்குத் தேவையே இல்லை. அது பெரும்பாலானவர்களின் ராங்க்கைத் தொடுவதில்லை.

சென்ற ஆண்டு "இந்தக் கல்லூரி 180-இல் முடிந்தது" என்பதை வைத்து இந்த ஆண்டு முடிவெடுக்கக் கூடாது. வினாத்தாள் எளிதாக வந்தால் எல்லாருடைய மதிப்பெண்ணும் ஏறும். அதே 180-க்கு ராங்க் பல ஆயிரம் பின்னால் போய்விடும். ராங்க்கை ராங்க்கோடுதான் ஒப்பிட வேண்டும். சென்ற ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் நீங்கள் விரும்பும் கல்லூரி, பிரிவு எந்த ராங்க்கில் முடிந்தது என்று பாருங்கள், அதில் உங்கள் இடஒதுக்கீட்டு வகுப்புக்கான கடைசி ராங்க்கையும் பொதுப்பிரிவின் கடைசி ராங்க்கையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொது ராங்க் ஒன்று, வகுப்புவாரி ராங்க் ஒன்று என்று இரண்டு எண் கையில் இருக்கும். வகுப்புவாரி ராங்க்கைச் சென்ற ஆண்டின் பொது ராங்க்கோடு ஒப்பிட்டு, "எனக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியே கிடைத்துவிடும்" என்று மகிழ்ந்துவிட்டுப் பிறகு ஏமாறுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

இனி சாய்ஸ் ஃபில்லிங், அதாவது விருப்பப் பட்டியலை நிரப்புவது. இந்தச் சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆனால் கிடைப்பது மூன்றே நாள். கணினி வேலை செய்யும் விதம் தெரிந்தால் பயம் போய்விடும். ராங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலின் முதல் வரியில் இருந்து கீழே வருகிறது; காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் முதலில் பொதுப்பிரிவு இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கான இடத்தைப் பார்க்கிறது. ஆக, எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் கீழே இருக்கும் கல்லூரி கைநழுவிப் போகாது. "நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை முதலில் போடு, இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்" என்று பிரவுசிங் சென்டர்களில் சொல்வது முழுத் தவறு. அப்படிப் போட்டால் அதுவேதான் கிடைக்கும். அதற்குக் கீழே எழுதிய நல்ல இடம் காலியாக இருந்தாலும் கணினி அங்கே எட்டிப் பார்க்காது.

எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உங்கள் ராங்க் 40,000 என்றால், சென்ற ஆண்டு 25,000-இல் முடிந்த இடங்களில் தொடங்கி 70,000, 80,000 வரை முடிந்த இடங்கள் வரை இறங்குங்கள். கணினி சார்ந்த பிரிவுகளுக்கு ஆசை அதிகம் என்பதால் அங்கே இன்னும் ஆழமாக இறங்க வேண்டும். பத்து சாய்ஸோடு நிறுத்திவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுபவர்களுக்கு, முன்னால் போனவர்கள் எடுத்தது போக மிஞ்சியதுதான் கிடைக்கும். ஆனால் கிடைத்தால் சேர மாட்டேன் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலை நிரப்புவதற்காகச் சேர்க்காதீர்கள்.

குறியீடுகளைக் கவனமாகப் படியுங்கள். ஒரே அறக்கட்டளை நடத்தும் இரண்டு கல்லூரிகளுக்குப் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; நான்கு இலக்கக் கல்லூரி எண்தான் வித்தியாசம் காட்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பிரிவின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் பல மடங்கு கூடலாம். சாண்ட்விச் என்று இருந்தால் படிப்பு ஐந்து ஆண்டு. எக்ஸ்.சி., எக்ஸ்.எம். என்பவை தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல். விரும்பி எடுத்தால் நல்லதுதான், தெரியாமல் எடுத்தால் சிக்கல்.

கல்லூரிகளை ஒப்பிட, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தைப் பலர் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால், அவற்றின் தேர்ச்சி விகிதத்தை மற்றக் கல்லூரிகளோடு சேர்த்து வைத்துப் பேச முடியாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வழிகளில் ஒன்றை இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும். ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு அப்வேர்டு, அதாவது பட்டியலில் அதற்கு மேலே எழுதிய இடம், கேட்பது, கிடைத்ததை மறுத்துவிட்டு அப்வேர்டு மட்டும் கேட்பது, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது. எதையும் சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். இந்த ஐந்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையிலேயே ஒரு எடுத்துக்காட்டோடு விளக்க வேண்டும் என்பது இந்தச் சேவையைப் பற்றிய என் முக்கியமான குறை. அப்வேர்டு என்பது பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலே எழுதியவற்றை மட்டுமே பார்க்கும். மேலே நகர்ந்துவிட்டால் பழைய இடம் திரும்பாது. ஆகவே வரிசையில் இரண்டாவதும் ஐந்தாவதும் மனசுக்குள் இடம் மாறியிருந்தால் அப்வேர்டு கேட்கவே கூடாது. ஏற்றுக்கொண்டு அப்வேர்டு கேட்பவர்கள், சொன்ன தேதிக்குள் உதவி மையத்துக்கு, அதாவது டி.எஃப்.சி.க்குப் போய்ப் பணம் கட்ட வேண்டும். "அப்வேர்டு முடிவு வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வீட்டில் இருந்தால் ஒதுக்கப்பட்ட இடமும் போகும். மறுத்துவிட்டு அப்வேர்டு மட்டும் கேட்பது, கையில் வேறு ஒரு சேர்க்கை உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டுமே சரி. நீட் வழியாக மருத்துவத்துக்குப் போகிறவர்கள் விடும் இடங்களை நம்பியும் உட்கார வேண்டாம்; அந்தச் சுற்றின் அப்வேர்டு முடிந்த பிறகு காலியாகும் இடம் அதில் உங்களுக்கு வராது.

சான்றிதழ்களை ரிசல்ட்டுக்குப் பிறகு தேடினால் இ-சேவை மையத்தில் கூட்டம் தள்ளும். பொதுத்தேர்வுக்கு முன்பே சாதிச் சான்றிதழும், தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். எட்டு முதல் பிளஸ் 2 வரை ஏதாவது ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டைத் தவறாமல் குறிப்பிடுங்கள். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான விவரம் தேவைப்படும். ஆவணத்துக்கு ஆவணம் இனிஷியல் மாறியிருப்பதுதான் சரிபார்ப்பில் அடிக்கடி தடுக்கும் சிறிய கல்.

பதிவுக்குக் கொடுக்கும் கைபேசி எண் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையும் கடவுச்சொல்லையும் வைத்துப் பதிவு செய்தால், சாய்ஸ் பட்டியலும் அவர் கையில் போய்விடுகிறது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இதில் வராது, திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.ஈ.ஈ. எழுதியிருக்க வேண்டும். வேளாண்மை, மருத்துவம், பி.ஆர்க். எல்லாவற்றுக்கும் விண்ணப்பமும் தேதியும் தனித்தனி. பிளஸ் 2 துணைத்தேர்வில் தேறியவர்களுக்கும் இடம் கிடைக்காதவர்களுக்கும் இறுதியில் துணைக் கலந்தாய்வு உண்டு. அதற்கான பதிவு சில நாளிலேயே முடிந்துவிடும் என்பதால், துணைத்தேர்வு ரிசல்ட் வந்த அன்றே தளத்தில் தேதியைப் பார்த்துவிட வேண்டும்.